நாற்பதாம் நாளில் நடக்காத ஒன்று

1

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்த முஸ்லிம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடு பெண்ணின் பேரில் இருக்கும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். எனக்கும் வாப்பா ஒரு வீடு கட்டினார். அதில் குடியிருக்கும் கொடுப்பினை எனக்கு இல்லை. வாப்பா பர்மாவிலிருந்து உளுந்து வரவழைத்து விற்றுக்கொண்டிருந்தார். உளுந்து அனுப்பியவர் அங்கேயே வேரூன்றிய தமிழ் முஸ்லிம். அவர் மகன் ஒருமுறை கொழும்புக்கு வந்தார். மூட்டையோடு மருமகனும் வந்து இறங்கிவிட்டார் என்று ஊரில் கேலி செய்தார்கள். அவருக்கோ யாங்கோனில் கடை, வயதான தாய், விட்டுவிட்டு வர முடியாது. கடைசியில் பெட்டியைத் தூக்கியவள் நான்.

இப்போது யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். காலையில் என் கணவர் யூசுஃப் பஸ் பிடித்து நகர நடுவே லத்தாவில் உள்ள கடைக்குப் போவார். கடையில் அவர் பேர் கோ மின் நைங். இங்கே எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்கு ஒரு பேர், வெளியே ஒரு பர்மியப் பேர். எனக்கு மட்டும் ஒரே பேர், ஏனென்றால் நான் இன்னும் வெளிநாட்டுக்காரி. வருஷா வருஷம் வரிசையில் நின்று தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "எப்போது திரும்பிப் போகிறீர்கள்?" என்று கேட்பார். மரியாதையாகத்தான் கேட்பார். "என் கணவர் இங்கே" என்பேன். முத்திரை விழும்.

தெருவில் எங்கள் முகத்துக்கு 'கலா' என்று ஒரு பேர் உண்டு. அந்நியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போன் பேசும்போது 'பரவாயில்லை' என்பதற்குப் பதிலாக 'யாபாதே' என்று வாயில் வந்துவிடும். உடனே அங்கே சிரிப்பு, நான் பர்மாக்காரி. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பேர் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

மகள் ஸஹ்ரா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கணக்கியல் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்வாள். போன வருஷம் வரை அப்படித்தான். ஊரில் என் காக்கா, அதாவது ஒரே அண்ணன், தன் மகன் அஸாமுக்கு ஸஹ்ராவைக் கேட்ட பிறகு நிலைமை மாறியது. மாமன் மகன், கேட்க உரிமை உள்ளவன். பிள்ளைகள் இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள், பிடித்துப்போய்விட்டது. ஒருநாள் ஸஹ்ரா அடுப்படிக்கு வந்து, "உம்மா, 'உங்கள நினைச்சன்'னு சொன்னா சரிதானே?" என்று கேட்டாள். மாவு பிசைந்த கையோடு நான் சிரித்துவிட்டேன்.

என் கணக்கு வேறு. ஸஹ்ரா அஸாமைக் கட்டினால், மறைந்த வாப்பா எனக்குக் கட்டிய வீட்டை அவள் பேருக்கு எழுதுவேன். மாப்பிள்ளை அங்கே வருவார். மாப்பிள்ளைக்கு முன்னால் நான் போய் ஜன்னலைத் திறந்து வைப்பேன். ராணுவ ஆட்சியில் இந்த நாடு இப்போது இருக்கும் நிலையில் இளம் பிள்ளைகளை எப்படியாவது வெளியே அனுப்பிவிடத்தான் எல்லா வீட்டிலும் துடிக்கிறார்கள். மகளுக்கு வெளியே போக ஒரு வழி, எனக்குத் திரும்பிப் போக ஒரு வழி. இரண்டும் ஒரே கல்யாணத்தில் இருந்தன.

2

மழை தொடங்கிய புதிதில் மதினி அழைத்தார், காக்காவின் மனைவி. மண்டபம், சாப்பாடு, ஸஹ்ராவின் உயரம், அஸாமின் செருப்பு அளவு எல்லாம் பேசி முடித்து, கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார்.

"ரஹ்மா, ஒண்டு கேக்கணும் எண்டு இரிந்தன். கோவிக்காத புள்ள. ஸஹ்ராக்கு நாப்பதுல அது முடிஞ்சதுதானே?"

எது என்று நான் கேட்கவில்லை. ஊரில் எந்தப் பெண்ணும் கேட்க மாட்டாள். பெண் குழந்தைக்கு நாற்பதாம் நாள் தலைமுடி இறக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு இன்னொன்றும் செய்வார்கள். ஒஸ்தா மாமி என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பெண் பிளேடோடு வருவார். பிள்ளையின் பிறப்புறுப்பில் ஒரு கீறல் என்பார்கள் சிலர், துளித் தோல் என்பார்கள் சிலர். நாங்கள் அதற்குச் சுன்னத்து என்று பேர் வைத்திருக்கிறோம். மருத்துவர்கள் வைத்திருக்கும் பேர் பெண்ணுறுப்புச் சிதைப்பு. வீட்டு ஆண்களில் பலருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. பெண்களுக்குத் தெரியும், பேச மாட்டார்கள்.

"உங்கட உம்மா முடிஞ்சிது எண்டுதான் சொன்னவ. ஆனா ரங்கூன்ல அப்பிடி ஒண்டு இல்லயாமே? இல்லாட்டியும் பயமில்ல. கலியாணக் காவினுக்கு முன்ன இஞ்ச வந்து செஞ்சிக்கலாம். பெரிய புள்ளயளுக்கும் செய்யுறதான்."

"கரண்ட் போகுது மதினி, பொறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். கரண்ட் இருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாங்கோனில் இருப்பவர்கள் இந்தப் பொய்யைச் சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

3

என் தங்கை ஷிஃபாவுக்கு அது நடந்தபோது நான் பள்ளிக்கூடத்துச் சிறுமி. வீடு முழுக்க நெய்ச்சோற்று வாசம். அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒஸ்தா மாமியும் உம்மாவும் பிள்ளையும். பிள்ளை வீரிட்ட சத்தத்தில் நான் கையில் வைத்திருந்த தட்டைப் போட்டுவிட்டேன். தட்டு உடைந்ததற்கு யாரும் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகும் இரத்தம் நிற்கவில்லை. வாப்பா வேன் பிடித்தார், ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டபோது வாப்பா வாசலுக்குப் போய்விட்டார். உம்மா, "தெரியா டொக்டர்" என்றார். நாற்பது நாள் பிள்ளை தானாக எங்கே போய் விழுந்திருக்கும்? டாக்டருக்கும் விளங்கியிருக்கும். அவரும் வேறு எதுவும் கேட்கவில்லை. அல்லாஹ்வின் காவல், பிள்ளை பிழைத்தாள். அடுத்த வாரம் ஒஸ்தா மாமி இன்னொரு வீட்டுக்குப் போனார்.

ஷிஃபாவுக்குக் கல்யாணமாகிச் சில மாதம் கழித்து ஒருநாள் எனக்கு அழைத்தாள். "ராத்தா, ஒங்களுக்கும் நோகுமா?" என்றாள். "ஓம்" என்றேன். பிறகு இருவரும் அங்கே மழையா, இங்கே மழையா என்று பேசினோம். என் வாழ்க்கையில் இந்த நோவைப் பற்றி நடந்த உரையாடல் அதுவரை அது ஒன்றுதான்.

ஸஹ்ரா பிறந்தபோதும் ஒரு கேள்வி வந்தது. பிரசவம் பார்த்த பர்மிய டாக்டரம்மா தழும்பைப் பார்த்துவிட்டு, இது எப்போது பட்ட காயம் என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு எனக்குப் பர்மியச் சொல் தெரியவில்லை. இருந்தால்தானே தெரியும். "சின்ன வயதில் விபத்து" என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் பேச முடியாது. இங்கே யாருக்கும் தெரியாது, அதனாலும் பேச முடியாது. இந்த ஊரில் எனக்கு இருந்த தனிமையில் பெரும்பங்கு இதுதான் என்று இப்போதுதான் விளங்குகிறது.

4

ஸஹ்ராவின் நாற்பது நெருங்க நெருங்க உம்மா ஊரிலிருந்து தினமும் அழைத்தார். "ஆள் பாத்தாச்சா?" கணவர் வீட்டில் விசாரித்தால், "பொம்பளப் புள்ளைக்கா? அப்படி ஒண்ணு நாங்க கேள்விப்பட்டதே இல்லியே" என்று மாமியார் திருதிருவென்று விழித்தார். உம்மா விடவில்லை. கேட்டுப் பார்த்தேன் என்று சொல்வதற்காகவாவது யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. யோசித்து, இதைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்க வழியில்லாத ஆளாகப் பார்த்துக் கேட்டேன். கீழ் வீட்டு டோ கின் யி, தினமும் புத்தர் படத்துக்குப் பூ மாற்றும் அம்மா.

"எங்களில் ஆண் பிள்ளைக்கு ஒரு சடங்கு உண்டு, பெண் பிள்ளைக்கும் ஒன்று உண்டு. அதைச் செய்கிற பெண் யாராவது இருக்கிறாரா?" என்றேன்.

டோ கின் யிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் வழக்கத்தில் பையன்களுக்குத் துறவாடை போர்த்தி மடத்துக்கு அனுப்பும்போது பெண் பிள்ளைகளுக்குக் காது குத்துவார்கள். எங்களுடையதும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். நாற்பதாம் நாள் காலையில் பட்டு லோஞ்ஜி உடுத்து, காது குத்தும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, தங்க ஊசியும் வாழைப்பழமுமாக மாடியேறி வந்தார். "பிள்ளை ரொம்பச் சின்னதுதான், ஆனால் உங்கள் வழக்கம் அப்படியென்றால் சரி" என்றார்.

நான் திருத்தவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு குத்து, கொஞ்சம் அழுகை, பால் குடித்துத் தூங்கிவிட்டாள். ஊருக்கு அழைத்து, "முடிஞ்சிது உம்மா" என்றேன். அவர் கேட்டது இதையல்ல என்று தெரிந்துதான் சொன்னேன். சுத்தப் பொய். உம்மா போனிலேயே அழுதார், தன் பொறுப்பு தீர்ந்துவிட்டதாம். அந்தப் பொய்க்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இன்றும் கேட்டால் அதே மாதிரி சொல்வேன்.

5

மதினி கேட்டதைக் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஆமான்னு சொல்லிட்டுப் போயேன். யாரு பாக்கப் போறா? முன்னாடி சொன்ன மாதிரி இப்பவும் சொல்லு."

"அது வேற, இது வேற."

"என்னா வேற? இந்த ஊர்ல வயசுப் புள்ளய வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வருதா? அவ நல்லபடியா போய்ச் சேரட்டும் ரஹ்மா."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை வதைத்தது. ஒரு வாரம் அந்த 'ஆமாம்' என் நாக்கு நுனியிலேயே இருந்தது. காய்கறி வாங்கும்போதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்தான். சொன்னால் ஊர், வீடு, வேப்பமரக் காற்று, என் மொழியில் சண்டை பிடிக்க ஆட்கள், எல்லாம் கிடைக்கும்.

ஆனால் அடுத்தது என்ன? ஸஹ்ராவுக்கு அங்கே ஒரு பெண் பிள்ளை பிறக்கும். நாற்பது வரும். அவள் வேண்டாம் என்றால், "தாய்க்கும் செஞ்சதுதானே, தாய்க்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். அதற்குச் சாட்சியாக என் பொய்யை நிறுத்துவார்கள். அன்று சொன்ன பொய் என் பிள்ளையைக் காப்பாற்றியது. இன்று சொல்லும் பொய் அவள் பிள்ளையைப் பிடித்துக் கொடுக்கும்.

சட்டம் ஏதாவது கைகொடுக்குமா என்றும் தேடினேன். இலங்கையில் மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஒஸ்தா மாமிக்குச் சுற்றறிக்கை போகாது. இதற்கென்றே தனிச் சட்டம் அங்கும் இல்லை, இங்கும் இல்லை, நான் தேடிய வரையில். வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போன தண்டனைச் சட்டம் இரண்டு நாட்டிலும் இருக்கிறது. ஒருவரைக் காயப்படுத்தினால் குற்றம் என்கிறது. ஆனால் யார் முறையிடுவது? காயப்பட்டவளுக்குப் பேச்சு வரவில்லை. பேச்சு வரும் வயதில் அவளுக்கே நினைவில்லை. பல நாடுகளில் இது சிறைக்குப் போகும் குற்றம். எங்கள் ஊரில் இது நெய்ச்சோறு.

6

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கணவரும் மகளும் வெளியே போயிருந்த நேரத்தில் மதினிக்கு அழைத்தேன்.

"மதினி, ஸஹ்ராக்குச் செய்யல்ல. உம்மாட்ட நான் பொய்தான் சொன்னன்."

"சரி, நடந்தது நடந்துபோச்சி. கெதியா இஞ்ச கூட்டி வாங்க. சின்ன விசயம்" என்றார்.

"செய்யவும் மாட்டம்."

"என்ன கதை கதைக்கிறாய் ரஹ்மா? மார்க்கத்துல உள்ளது."

"குர்ஆன்ல எங்க இரிக்கி, காட்டுங்க. ஆலிம்மார்லயே வேணும் எண்டு சொல்லுறவங்களும் இரிக்காங்க, கூடாது எண்டு சொல்லுறவங்களும் இரிக்காங்க."

"துப்பரவு புள்ள அது."

"துப்பரவுக்குத் தண்ணி காணும் மதினி."

"செய்யாட்டி பொம்புளப் புள்ளயள் அடங்காதுகள் எண்டு சொல்லுவாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இருபது வயசு வரைக்கும் அவள் அடங்கித்தான் இரிக்காள். அடங்காத ஆம்புளயளுக்கு நீங்க எங்க வெட்டுறீங்க?" என்று கேட்டேன். மதினி, "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டதில் எனக்கு இருந்த திருப்தியையும் மறைக்க மாட்டேன்.

பிறகு குரலை இறக்கிச் சொன்னேன். இதில் ஒரு நன்மையும் இல்லை என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். இரத்தப்போக்கு, கிருமி பிடிப்பது, சிறுநீர் போகையில் எரிச்சல், கட்டிலில் வலி, பிள்ளைப்பேற்றில் சிக்கல், காரணம் தெரியாத பயம். ஷிஃபாவை வேனில் கொண்டுபோன நாளையும் நினைவுபடுத்தினேன். அந்த வேனில் மதினியும் இருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக, உம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு.

"எனக்கும் செஞ்சதுதான்" என்றார் மதினி. குரல் வேறு மாதிரி இருந்தது. "நான் நல்லாத்தானே இரிக்கன்."

"நல்லாவா இரிக்கீங்க மதினி?"

நான் காத்திருந்தேன். ஒரு நிமிஷம் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "காக்காட்டக் கதைச்சிப் பாக்கன்" என்று வைத்துவிட்டார்.

காக்கா பேசவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்ததும் எனக்குத்தான் முதலில் அழைப்பார், இத்தனை வருஷமும் தவறாத வழக்கம். இந்த முறை புத்தாடை உடுத்து, வட்டிலப்பத்தை வெட்டி வைத்துவிட்டு, பகல் லுஹர் தொழுகை வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஸைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா வண்டிக்காரர்கள் மழையில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஷிஃபாவின் செய்தி மட்டும் வந்தது. அஸாமுக்கு வேறு இடம் பேசி முடித்துவிட்டார்களாம். என் வீட்டுச் சாவியை மதினி கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாராம்.

7

அஸாம் செய்திகளுக்குப் பதில் அனுப்புவதை நிறுத்தியதும் ஸஹ்ரா என்னிடம் வந்தாள். "பாலோலே, உம்மா?" என்றாள். 'ஏன்' என்று கேட்க அவளுக்கு இப்போதும் அந்தச் சொல்தான் முதலில் வரும். கண் சிவந்திருந்தது. நான்தான் கெடுத்தேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

உட்கார வைத்துச் சொன்னேன். தமிழில் தொடங்கினேன், பாதியில் அவளுக்கு விளங்கவில்லை. பர்மியத்தில் தொடர்ந்தேன், சொல் கிடைக்கவில்லை. டாக்டரிடம் சொல்வதுபோல உறுப்பின் பேரையும் பிளேடையும் சொல்லி, நாற்பது நாளையும் சொன்னேன். டோ கின் யி தங்க ஊசியோடு வந்ததையும் சொன்னேன். அதற்கு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அவள் வாழ்வில் நடக்கவிருந்த ஒரு நல்லதை நான் தடுத்துவிட்டேன் என்று கத்துவாள் என்றும் எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை.

"அஸாமுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரிஞ்சிரிக்காது."

"உம்மாக்கு?"

"எனக்குச் செஞ்சதுதான்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தன் உடைந்த தமிழில், "யாரு பிடிச்சாங்க?" என்று கேட்டாள்.

"ஒஸ்தா மாமிதான்."

"இல்ல உம்மா. அவங்க கையில பிளேட். காலப் பிடிக்கணும்ல? ஒங்கள யாரு பிடிச்சாங்க?"

ஒஸ்தா மாமியை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வெறுத்திருக்கிறேன். அவர் முகம், வெற்றிலைக் கறை, அவர் கொண்டுவரும் துணி முடிச்சு, எல்லாம் கனவில்கூட வரும். கோபப்பட எனக்கு அவர் ஒருவரே போதுமாக இருந்தார். கதவுக்கு உள்ளே இன்னொருவரும் இருந்தார் என்பது தெரியாமல் இல்லை. அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததில்லை. யாங்கோனில் காய்ச்சலில் கிடந்த நாட்களில் எல்லாம் நான் நினைத்துக்கொண்டது உம்மாவின் கைகளை. நெற்றியில் வைத்தால் குளிர்ந்துபோகும் கைகள். அவர் மவுத்தானபோது விமானம் கிடைக்காமல் போய்ப் பார்க்க முடியாத கைகள்.

"என்ட உம்மாதான்" என்றேன்.

ஸஹ்ரா என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். சிறுமியாக இருந்த பிறகு அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. நான் அழுதேன். காக்கா போனதும், மதினி போனதும், அஸாம் போனதும் எனக்கு வலித்தது. ஆனாலும் ஊரில் எனக்கென்று உம்மா மிச்சம் இருந்தார், மண்ணுக்குள் என்றாலும். அந்த ஒரு பதிலைச் சொன்ன பிறகு அங்கே எனக்கு ஷிஃபாவைத் தவிர யாரும் இல்லை.